ஹல் இல்லத்து அம்மையார்

பசித்தவனுக்கு ஒரு பிடி சோறு இடுகின்றவரை உலகம் வாழ்த்துகிறது. போர் வேண்டா என்று சொல்லுகின்றவரை அதே உலகம் ஏசுகிறது. இரண்டும் ஓர் அன்பிலிருந்து பிறந்த செயல்களே ஆயினும், முன்னதைப் புகழ்வோர் பலர் பின்னதைப் பொறுப்பதில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையில் முற்ற அனுபவித்தவர் அமெரிக்க நாட்டு ஜேன் ஆடம்ஸ் அம்மையார். அந்நாடு அவரை முதலில் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. பின்னர் நாட்டுப் பற்று அற்றவர் என்று தூற்றியது. முதுமையில் மீண்டும் கொண்டாடியது. மூன்று காலத்தும் அவர் செய்த தொண்டு ஒன்றே. மாறியது நாட்டின் மனநிலை.

அவர் வாழ்ந்த காலம் அமெரிக்க வரலாற்றில் பெரியதொரு திருப்பம் நிகழ்ந்த காலம். 1898-ஆம் ஆண்டில் அந்நாடு கடல் கடந்து நிலம் பிடிக்கத் தொடங்கியது. 1917-இல் ஐரோப்பாவின் பெரும்போரில் இறங்கியது. அவ்விருபது ஆண்டுகளை அறிய விரும்பும் மாணவர், குடியரசுத் தலைவர்களின் வரலாற்றோடு இவ்வம்மையாரின் வரலாற்றையும் படித்தல் நன்று.

ஜேன் ஆடம்ஸ் 1860-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 6-ஆம் நாள் இல்லினாய் மாநிலத்துச் சீடர்வில் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஆலை உடையவர். மாநிலச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராக இருந்தவர். ஆபிரகாம் லிங்கனின் நண்பர். இரண்டு வயதிலேயே தாயை இழந்த குழந்தைக்குத் தந்தையே எல்லாமாக விளங்கினார். 1865-இல் லிங்கன் சுடப்பட்டு இறந்த செய்தி வந்தபோது, தந்தையார் கண்ணீர் விட்டு அழுததை அக்குழந்தை முதன்முதலாகக் கண்டது. வீட்டு வாயிலில் கட்டிய துயரக் கொடியும் தந்தையின் கண்ணீரும் அவர் நெஞ்சில் இறுதி வரை நின்றன.

இளமையில் முதுகெலும்பைக் காசநோய் தாக்கியதால் அவர் உடல் சற்றே கோணிப் போயிற்று. இத்தகைய பெண் தம் மகள் என்று ஊரார் அறிந்தால் தந்தைக்கு இழுக்காகுமே என்று அஞ்சி, ஞாயிற்றுக்கிழமைகளில் அவரோடு சேர்ந்து நடவாமல் ஒதுங்கி நடப்பாராம். ஒருநாள் கடைத்தெருவில் பலர் பார்க்க, தந்தையார் தம் பட்டுத் தொப்பியைக் கழற்றி அச்சிறுமிக்குத் தலை வணங்கினார். அன்றோடு அந்த அச்சம் ஒழிந்தது. பிறரால் தாழ்வாக எண்ணப்படுவோரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்னும் பாடத்தை அவர் அங்கே கற்றார் எனலாம்.

1881-ஆம் ஆண்டில் ராக்ஃபோர்டு மகளிர் கல்லூரியில் முதல் மாணவியாகப் படிப்பை முடித்தார். அவ்வாண்டே தந்தையார் இறந்தார். மருத்துவம் பயின்று ஏழைகளுக்குத் தொண்டு செய்ய விரும்பிப் பிலடெல்பியாவில் உள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதுகு நோய் முற்றவே படிப்பை விட நேர்ந்தது. அதன்பின் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அவர் என்ன செய்வது என்று அறியாமல் கழித்தார். கையில் பணம் இருந்தது. தலையில் கல்வி இருந்தது. செய்வதற்குத் தொழில்தான் இல்லை. மேலும் படிப்பதும், ஐரோப்பிய நகரங்களைச் சுற்றிப் பார்ப்பதும், ஓவியக் கூடங்களில் உலவுவதுமாக நாட்கள் ஓடின. வாழ்க்கைக்கு ஆயத்தம் செய்துகொண்டே இருந்து வாழாமலே போய்விடும் நிலை படித்த இளைஞர்க்கு உண்டு என்பதைப் பிற்காலத்தில் அவர் வருந்தி எழுதினார்.

1883-இல் இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் அவர் கண்ட காட்சி ஒன்று அவரை உலுக்கியது. சனிக்கிழமை நள்ளிரவு, விற்காமல் அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஒருவன் வண்டியில் வைத்து ஏலம் விட்டுக் கொண்டிருக்கிறான். விளக்கொளியில் நூற்றுக் கணக்கான வெறுங்கைகள் மேலே நீள்கின்றன. ஏலத்தில் ஒரு முட்டைக்கோசைப் பெற்ற மனிதன் அங்கேயே நடைபாதையில் அமர்ந்து, கழுவாமலும் சமைக்காமலும் அதைத் தின்கிறான். அந்தக் கைகளை அவரால் மறக்க இயலவில்லை. ஆயினும் அடுத்த நாள் அவர் செய்தது என்ன? மீண்டும் ஊர் சுற்றியதுதான். இரக்கம் வேறு, செயல் வேறு என்பதை உணர அவருக்கு இன்னும் ஐந்து ஆண்டுகள் வேண்டியிருந்தன.

1888-இல் அவர் மீண்டும் இலண்டனுக்குச் சென்று டாயின்பீ மன்றத்தைக் கண்டார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகங்களில் பயின்ற இளைஞர்கள் ஏழைகள் வாழும் பகுதியிலேயே குடியிருந்து, அவர்களோடு பழகி, தாம் கற்றதை அவர்க்கு அளித்து, அவர்களிடமிருந்து தாமும் கற்றுவந்த இடம் அது. வழி தெரிந்துவிட்டது. உடன் பயின்ற தோழி எல்லன் ஸ்டாருடன் நாடு திரும்பி, 1889 செப்டம்பர் 18-ஆம் நாள் சிக்காகோ நகரின் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரு பழைய மாளிகையில் குடியேறினார். ஹல் என்பவர் கட்டிய அம்மாளிகையே ஹல் இல்லம் என்று உலகப் புகழ் பெற்றது.

விவேகானந்தர் 1893-இல் முழங்கிய நகரம் என்று நாம் அறிந்த சிக்காகோவுக்கு மற்றொரு முகமும் உண்டு. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த அந்நகரில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், அல்லது அவர்களின் மக்கள். ஹல் இல்லத்தைச் சுற்றி இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போஹீமியர், போலந்து ரஷ்ய நாடுகளிலிருந்து வந்த யூதர் எனப் பல இனத்தார் நெருங்கி வாழ்ந்தனர். தெருவெல்லாம் குப்பை, வீடுகளில் நீரும் காற்றும் போதா, இருட்டறைகளில் தாயும் பிள்ளைகளும் கூலிக்குத் துணி தைப்பர்.

முதற் கிறிஸ்துமஸ் நாளன்று இல்லத்துக்கு வந்த சிறுமியருக்கு இனிப்புகளை எடுத்து நீட்டினர். சிறுமியர் சிலர் வேண்டா என்று முகத்தைத் திருப்பிக் கொண்டனர். காரணம் கேட்டபோது உண்மை வெளிவந்தது. அவர்கள் இனிப்புத் தொழிற்சாலையில் ஆறு வாரங்களாகக் காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை உழைத்தவர்கள். அப்பண்டத்தைக் கண்ணால் காணவும் அவர்களுக்குப் பொறுக்கவில்லை. இனிப்புக் கொடுத்தால் தீரும் குறை இதுவன்று, சட்டம் வேண்டும் என்று அம்மையார் தெளிந்தார். இல்லத்தில் வந்து சேர்ந்த பிளாரன்ஸ் கெல்லி அம்மையார் தொழிற்சாலைகளை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். 1893-இல் இல்லினாய் மாநிலம், 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைத் தொழிற்சாலைகளில் அமர்த்தலாகாது என்றும், பெண்களுக்கு 8 மணி நேர வேலையே உண்டு என்றும் சட்டம் இயற்றியது. வேலை நேரம் பற்றிய பகுதியை இரண்டே ஆண்டுகளில் மாநில உயர்நீதிமன்றம் செல்லாதாக்கியது. அவர்கள் சோர்வின்றி அடுத்த சட்டத்துக்கு முயன்றனர்.

1895-இல் அம்மையார் தம் வட்டாரத்தின் குப்பை அகற்றும் பணிக்கு மேற்பார்வையாளராக நியமனம் பெற்றார். செல்வர் வீட்டுப் பெண், காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னே சென்றார். ஒரு சந்தில் குப்பையை வாரிக்கொண்டே போகையில், ஊரார் மறந்தே போன கல்தளம் ஒன்று அடியிலிருந்து வெளிப்பட்டதாம்! 1899-இல் சிறுவர்களுக்கெனத் தனி நீதிமன்றம் அமெரிக்காவிலேயே முதலாவதாகச் சிக்காகோவில் தோன்றுவதற்கும் ஹல் இல்லத்தார் பெரிதும் பாடுபட்டனர். நாளடைவில் அவ்வில்லம் 13 கட்டடங்களாக வளர்ந்தது. குழந்தைப் பள்ளி, இரவுப் பள்ளி, பொதுச் சமையற்கூடம், உடற்பயிற்சிச் சாலை, நாடக மேடை, வேலைக்குச் செல்லும் பெண்களின் விடுதி என எல்லாம் அங்கு அமைந்தன.

வேற்று மொழி பேசும் ஊரில் வந்து பயிலும் நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. வந்தேறிய மக்களின் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றதும், தாய்மொழி மட்டுமே அறிந்த பெற்றோரை எண்ணி நாணினர். இதைக் கண்ட அம்மையார் இல்லத்தில் தொழில்களுக்கு ஒரு காட்சிச்சாலை அமைத்தார். அங்கு இத்தாலியத் தாய்மார் தம் நாட்டு முறையில் நூல் நூற்றனர். பார்ப்பதற்குப் பலர் கூடினர். தாயின் கையில் இருந்த கலையைப் பிறர் வியக்கக் கண்ட பிறகே, பிள்ளைகள் அவளோடு ஒரே வாயில் வழியே வரத் தொடங்கினர்.

1896-இல் அவர் ரஷ்யா சென்று டால்ஸ்டாய் அடிகளைக் கண்டார். அம்மையார் அணிந்திருந்த உடையின் அகன்ற கையைப் பிடித்து இழுத்துப் பார்த்த முதியவர், இத்துணியில் ஒரு சிறுமிக்குச் சட்டை தைக்கலாமே என்று கடிந்தார்; அவருக்கு நிலத்திலிருந்து வருவாய் வருவதையும் குறை கூறினார். நாள்தோறும் இரண்டு மணி நேரம் தாமே ரொட்டி சுடுவது என்று உறுதி பூண்டு அம்மையார் சிக்காகோ திரும்பினார். ஆனால் வாயிலில் மக்கள் காத்திருந்தனர், கடிதங்கள் குவிந்திருந்தன. தம் ஆன்மாவைக் காக்க இவர்களைக் காக்க வைப்பதா என்று எண்ணி அவ்வுறுதியைக் கைவிட்டார். மக்கள் தேவையே அவருக்கு முதன்மையாக இருந்தது.

இந்நிலையில் 1898-இல் கியூபாவை விடுவிப்பதாகக் கூறி அமெரிக்கா ஸ்பெயினோடு போர் தொடுத்தது. சில மாதங்களில் வெற்றி கிட்டியது. போர்ட்டோ ரீகோவும் குவாமும் கைவந்தன. 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன் தீவுகளையும் பெற்றுக் கொண்டனர். விடுதலை வேண்டிய பிலிப்பைன் மக்களோ தலைவர் அகினால்டோவின் கீழ் அமெரிக்கப் படையை எதிர்த்தனர். 1902 வரை நீண்ட அப்போரில் 4,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரரும், ஏறக்குறைய 20,000 பிலிப்பைன் வீரரும் மாண்டனர். போராலும் பஞ்சத்தாலும் நோயாலும் இறந்த பொதுமக்கள் இரண்டு இலட்சம் வரை இருக்கலாம் என்பர். அடிமைத்தளையை எதிர்த்துப் பிறந்த குடியரசு பிறரை ஆளத் தலைப்படுவதா என்று கேட்ட எதிர்ப்பாளர்களுள் எழுத்தாளர் மார்க் ட்வெயினும் இருந்தார். ஆடம்ஸ் அம்மையாரும் இருந்தார்.

1899 ஏப்ரலில் சிக்காகோவில் கூடிய எதிர்ப்புக் கூட்டத்தில் அம்மையார் பேசினார். அவர் கண்டு கூறிய சான்று எளியது. தம் தெருவில் குழந்தைகள் போர் விளையாட்டு ஆடுகின்றனர். கியூபாவை விடுவிப்பதாக ஆடவில்லை, ஸ்பானியரைக் கொல்வதாக ஆடுகின்றனர். ஆண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் பொறுத்து வாழப் பழகிய தெருவில், தொலைவில் நடக்கும் போர் சில மாதங்களில் கொலையுணர்ச்சியை விதைத்து விட்டது. ஏழையின் குழந்தையைக் காப்பதும் போரைத் தடுப்பதும் இரு வேறு வேலைகள் அல்ல என்னும் எண்ணம் அவரிடம் வேரூன்றியது. ஐரோப்பாவில் பரம்பரைப் பகைவராக வாழ்ந்த இனத்தார் ஹால்ஸ்டெட் தெருவில் ஒரே படிக்கட்டைப் பயன்படுத்தி, நோயிலும் சாவிலும் துணை நிற்கின்றனரே. இங்கு இயல்வது நாடுகளிடையே ஏன் இயலாது? இவ்வினாவையே விரித்து 1907-இல் அமைதியின் புதிய குறிக்கோள்கள் பற்றி நூல் எழுதினார்.

அந்நாளில் அவர் புகழ் உச்சியில் இருந்தது. 1910-இல் யேல் பல்கலைக் கழகம் அவருக்குச் சிறப்புப் பட்டம் வழங்கியது. அங்கு அப்பெருமை பெற்ற முதற்பெண் அவரே. 1912-இல் தியோடர் ரூஸ்வெல்ட் முற்போக்குக் கட்சியின் சார்பில் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றபோது, அவர் பெயரை மாநாட்டில் வழிமொழிந்தவர் அம்மையார். அத்தேர்தலில் வாக்களிக்கும் உரிமை அவருக்கே இல்லை என்பது வேடிக்கை! அக்கட்சி தொழிலாளர் நலத்தையும் பெண்கள் வாக்குரிமையையும் ஏற்றது. ஆனால் தென்மாநிலக் கறுப்பின மக்களின் பிரதிநிதிகளை மாநாட்டில் சேர்க்க மறுத்தது. ஆண்டுக்கு இரண்டு போர்க்கப்பல் கட்ட வேண்டும் என்றது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1909-இல் தோன்றிய சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அம்மையாரின் உள்ளத்தை இவை உறுத்தின. ஆயினும் பெரும்பயன் கருதிப் பொறுத்துக் கொண்டார். அவர் வாழ்வில் விவாதத்துக்கு உரிய முடிவு இது. அக்கட்சி தோற்றது, உட்ரோ வில்சன் பதவி ஏற்றார்.

1914-இல் ஐரோப்பா தீப்பற்றியது. 1915 ஜனவரியில் வாஷிங்டனில் பெண்கள் அமைதிக் கட்சி தோன்றியது. அம்மையார் அதன் தலைவர். ஏப்ரலில் ஹாலந்து நாட்டு ஹேக் நகரில் உலகப் பெண்கள் மாநாடு கூடிற்று. 40-க்கும் மேற்பட்ட அமெரிக்கப் பெண்கள் கடலில் குண்டுக்கும் அஞ்சாமல் கப்பலேறினர். ஆங்கிலேய அரசு அக்கப்பலைக் கால்வாயில் சில நாள் தடுத்து நிறுத்தியது. போரிடும் நாடுகளிலிருந்தும் நடுநிலை நாடுகளிலிருந்தும் 1,100-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்து கூடிய அம்மாநாட்டிற்கு அம்மையாரே தலைமை தாங்கினார். நடுநிலை நாடுகள் இடைவிடாது சமரசம் பேச வேண்டும் என்று தீர்மானித்தனர். பின்னர் அம்மையாரும் தோழியரும் இலண்டன், பெர்லின், வியன்னா, ரோம், பாரிஸ் முதலிய நகரங்களுக்குச் சென்று அமைச்சர்களை நேரில் கண்டு பேசினர். போர் நிற்கவில்லை. ஆயினும் அத்தீர்மானங்களில் சில, 1918-இல் வில்சன் வெளியிட்ட 14 அம்சத் திட்டத்தில் சாயலாகத் தோன்றின.

1915 ஜூலையில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் தாம் கண்டதையும் கேட்டதையும் அம்மையார் எடுத்துரைத்தார். துப்பாக்கி முனைக் கத்தியால் எதிரியைக் குத்தி முன்னேறுவதற்கு இளம் வீரர் மனம் கூசுவதாகவும், அதற்குமுன் அவர்களுக்கு மது கொடுக்கப்படுவதாகவும் பல நாடுகளில் கேட்டதாகச் சொன்னார். மனிதன் கொலைக்கு இயல்பாகக் கூசுகிறான் என்பது அவர் கருத்து. பத்திரிகைகளோ, மாண்ட வீரரைக் குடிகாரர் என்று இழித்தார் என்று திரித்துப் பெருங்கூச்சல் எழுப்பின. போற்றிய ஏடுகளே தூற்றின. அறியாத பெண் அரசியலில் தலையிடுகிறாள் என்றனர். நண்பராயிருந்த ரூஸ்வெல்டும் இப்பெண்களின் முயற்சியை எள்ளி எழுதினார்.

1917 ஏப்ரல் 6-ஆம் நாள் அமெரிக்கா போரில் இறங்கியது. எதிர்ப்போரை ஒடுக்கச் சட்டங்கள் பிறந்தன. போரை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்டுத் தலைவர் யூஜின் டெப்ஸ் 1918-இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். போரை எதிர்ப்போரும் நாட்டை நேசிப்பவரே என்று அம்மையார் பேசிப் பார்த்தார்; அவையோர் கல்லாய் அமர்ந்திருந்தனர். நெடுநாள் நண்பர்களும் விலகினர். தாம் ஒருவரே நேர்மையானவர், ஊரெல்லாம் தவறு என்று எண்ணுவது செருக்கோ என்னும் ஐயமும் அவரை வாட்டியது. அத்தனிமையில் அவர் தேர்ந்த வழி உணவு. பசித்த நாடுகளுக்கு உணவு அனுப்புவதற்காக அமெரிக்கர் தம் வீட்டில் சிக்கனம் செய்ய வேண்டும் என்று உணவுத்துறைக்காக மாநிலந்தோறும் சென்று பேசினார்.

1,16,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரரை விழுங்கிய பின் போர் ஓய்ந்தது. 1919-இல் சூரிச் நகரில் கூடிய பெண்கள், வெர்சேல்ஸ் உடன்படிக்கை புதிய பகையை வளர்க்கும் என்று எச்சரித்தனர். இருபது ஆண்டுகளில் வந்த இரண்டாம் உலகப் போர் அதை மெய்ப்பித்தது. அங்கு உருவான அனைத்துலகப் பெண்கள் சங்கத்திற்கு அம்மையார் தலைவரானார். பின்னர்த் தோழி ஆலிஸ் ஹாமில்டனுடன் ஜெர்மனி சென்று, மெலிந்து வாடிய குழந்தைகளின் நிலையைக் கண்டு, அவர்க்கு உணவளிக்கும் பணியில் ஈடுபட்டார். பகைவர் குழந்தைக்குச் சோறா என்று தாய்நாட்டில் வசை மேலும் வளர்ந்தது. 1920-க்குப் பின் ஐயத்துக்குரியோர் பட்டியல்களில் அவர் பெயர் இடம் பெற்றது. விடுதலைப் போர் வீரர் வழிவந்த பெண்களின் சங்கம் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்தே நீக்கியது.

1923-இல் அவர் கீழ்நாடுகளைச் சுற்றி வந்தபோது இந்தியாவுக்கும் வந்தார். காந்தியடிகளைக் காண விழைந்தார்; அடிகளோ அப்போது எரவாடச் சிறையில் இருந்தார். அமைதி வழி நின்ற இருவரும் சந்திக்க முடியாமற் போயிற்று.

காலம் மீண்டும் திரும்பியது. 1931-இல் நோபல் அமைதிப் பரிசில் பாதி அவரை அடைந்தது. அதைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. மறுபாதியைப் பெற்றவர் கொலம்பியா பல்கலைக் கழகத் தலைவர் நிக்கலஸ் பட்லர்; 1917-இல் போருக்கு மாறான கருத்துடைய ஆசிரியர்களுக்குத் தம் பல்கலைக் கழகத்தில் இடமில்லை என்றவர். வரலாறு இவ்வாறு இருவரை ஓரிடத்தில் நிறுத்தியது! பரிசு வழங்கிய நாளில் அம்மையார் மருத்துவமனையில் இருந்தார். தம் பங்குப் பணத்தைப் பெண்கள் சங்கத்திற்கே அளித்துவிட்டார். 1935 மே 21-ஆம் நாள் சிக்காகோவில் அவர் உயிர் நீத்தார். ஹல் இல்லத்து முற்றத்தில் ஆயிரக் கணக்கான மக்கள் திரண்டு இறுதி வணக்கம் செலுத்தினர்.

1960-களில் ஹல் இல்லத்துக் கட்டடங்களுள் பெரும்பாலானவை இடிக்கப்பட்டு, அங்கே இல்லினாய்ப் பல்கலைக் கழகம் எழுந்தது. பழைய மாளிகையும் உணவுக்கூடமும் மட்டும் காட்சிச்சாலையாக நிற்கின்றன. அவற்றைக் கடந்தே மாணவர் நாள்தோறும் வகுப்புக்குச் செல்கின்றனர்.

சீடர்வில்லில் உள்ள அவர் கல்லறையில் பெயரோடு இரண்டு நிறுவனங்களே பொறிக்கப்பட்டுள்ளன: ஒன்று ஹல் இல்லம், மற்றொன்று அமைதிக்கான பெண்கள் சங்கம். நாடு முன்னதைப் புகழ்ந்தது, பின்னதை இகழ்ந்தது. அவரோ இரண்டையும் ஒரே கல்லில் சேர்த்தே விட்டுச் சென்றார். கற்ற கல்வியைக் கொண்டு என்ன செய்வது என்று எட்டு ஆண்டுகள் கலங்கிய ஒரு மாணவியின் விடை அக்கல்லில் உள்ளது. தெருவில் உள்ள குழந்தைக்கு இரங்கும் நெஞ்சு எல்லைக்கு அப்பால் உள்ள குழந்தைக்கும் இரங்குமா என்பதே அவ்விடை நம்மிடம் கேட்கும் கேள்வி. பட்டம் பெற்று வெளியேறுமுன் நாமும் அதற்கு விடை தேடுவோமாக.